டிவி ஹாலில் சென்டர் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் எங்கே வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹால் 14-க்கு 11 அடி, உயரம் 10 அடி. 11 அடிச் சுவரில் 55 அங்குல டிவி, அதன் கீழே தச்சர் செய்துகொடுத்த டிவி யூனிட். எதிர்ச் சுவரோடு ஒட்டி சோபா. ஏவி ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) 5.1 ஸ்பீக்கர் செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வாங்கியாயிற்று. சென்டர் ஸ்பீக்கரை டிவிக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா? பேஸ் ஒலிக்கான சப்வூஃபரை யூனிட்டுக்குள் தள்ளிவிடலாமா, இல்லை மூலையில் வைக்கலாமா? இத்தனை காந்தங்கள் பக்கத்தில் இருந்தால் டிவிக்கு ஏதாவது ஆகுமா?

சோபாவைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஹாலில் பெரிய சிக்கலே அதுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் படித்தால் போதும். சென்டர் டிவிக்குக் கீழே, யூனிட்டின் முன் விளிம்போடு, முகத்தைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்தி. சப்வூஃபர் யூனிட்டுக்குள் வேண்டவே வேண்டாம். தரையில், திறந்த இடத்தில். எந்த இடம் என்பதை டிவியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்டர் படத்தோடு சேர்ந்த பெட்டி, சப்வூஃபர் அறையோடு சேர்ந்த பெட்டி. இரண்டையும் ஒரே செட்டில் வாங்கினோம் என்பதற்காக இரண்டையும் டிவியைச் சுற்றியே அடுக்க வேண்டியதில்லை.

இப்போது சென்டர். 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து 36 முதல் 40 அங்குலத்தில் இருக்கும். ட்வீட்டரும் (பெட்டியில் கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) அதே உயரத்தில் இருப்பதுதான் சிறப்பு, ஆனால் அந்த இடத்தில் டிவி இருக்கிறது. நம் வீடுகளில் டிவியை உயர்த்தி மாட்டுவது வழக்கம். கீழ் விளிம்பு 40 அங்குலத்தில் இருந்தால், 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 27 அங்குலம் என்பதால், மேல் விளிம்பு ஐந்தரை அடியைத் தொடும். சென்டரை அதற்கு மேல் வைத்தால் குரல் காதுக்கு இரண்டரை அடி மேலிருந்து இறங்கும். கீழே வைத்தால் வித்தியாசம் ஓர் அடிக்குள் முடிந்துவிடும். மேல், கீழ் என்ற திசையை நம் காது இடம், வலம் அளவுக்குக் கூர்மையாகப் பிரிப்பதில்லை. உதடு அசைவதைக் கண் பார்க்கும்போது மூளை குரலை அங்கேயே கொண்டுபோய் ஒட்டிவிடும். ஆனால் இந்தச் சலுகைக்கும் ஓர் எல்லை உண்டு. சில அங்குலங்களை மன்னிக்கும், இரண்டரை அடியை மன்னிப்பது கஷ்டம். டிவியையே அரை அடி இறக்கி மாட்ட முடிந்தால் கழுத்துக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

கீழே வைக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, பெட்டியைத் தட்டின் உள்பக்கமாகச் சுவரை ஒட்டித் தள்ளுவது. அப்படி வைத்தால் முன்னால் நீண்டிருக்கும் பலகையில் ஒலி பட்டுத் தெறித்து, நேராக வரும் ஒலியோடு கலந்து குரல் மங்கும். பெட்டியின் முகம் பலகை விளிம்போடு சமமாக, அல்லது அரை அங்குலம் வெளியே நீட்டியபடி இருக்கட்டும். முன்பக்க அடியில் இரண்டு ரப்பர் துண்டுகளைச் சொருகி முகத்தைச் சற்று நிமிர்த்துங்கள்; கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ரப்பர் ஆப்பே போதும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது ட்வீட்டர் உங்களை நேராகப் பார்க்க வேண்டும். யூனிட்டின் அறைக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால், முகத்தை வெளியே கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றியுள்ள காலி இடத்தில் பஞ்சையோ பழைய துண்டையோ அடைத்துவிடுங்கள். அந்தப் பொந்து எதிரொலிப்பதால்தான் ஆண் குரல்கள் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கின்றன. பெட்டிக்குப் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் அதை மட்டும் அடைத்துவிடாமல் பின்னால் சில அங்குலம் விடுங்கள்.

கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. பெரும்பாலான சென்டர் ஸ்பீக்கர்களில் நடுவில் ட்வீட்டர், இருபுறமும் ஒவ்வொரு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்). டிவிக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதற்காகப் படுக்கவைத்த வடிவம் இது. நடுவில் உட்கார்ந்தவருக்கு இரண்டு வூஃபரும் சம தூரம். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஒன்று அருகில், மற்றது தள்ளி. இரண்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி என்றால், 20 டிகிரி விலகி உட்கார்ந்தவருக்குத் தூர வித்தியாசம் சுமார் 10 செ.மீ. வரும். அந்தக் கணக்குப்படி 1,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேச்சின் தெளிவு அந்தப் பகுதியில்தான் நிறைய இருக்கிறது. சோபாவின் ஓரத்தில் உட்காரும் பாட்டி மட்டும் "என்னப்பா சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அவர் காதை மட்டும் குறை சொல்லாதீர்கள். ட்வீட்டரும் நடு ஒலிக்கான மிட்ரேஞ்சும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று வழி சென்டர்களில் இந்தத் தொல்லை குறைவு. வாங்கியாயிற்று என்பதால் உங்களுக்கு இப்போது பயன் இல்லை, அடுத்த முறைக்கு நினைவில் இருக்கட்டும்.

முன் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு டால்பி சொல்லும் கோணம் நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி. உங்கள் 11 அடிச் சுவரில் 30 டிகிரிக்கு முயன்றால் இரண்டும் மூலையில் போய் முட்டும். இரண்டுக்கும் நடுவே ஏழரை அடி விட்டால் 22-ஐ ஒட்டி வரும், பக்கச் சுவரிலிருந்தும் ஒன்றேமுக்கால் அடி கிடைக்கும். அது போதும். அவற்றின் ட்வீட்டர் உயரமும் சென்டரின் உயரமும் முடிந்தவரை பக்கத்தில் இருக்கட்டும்; இல்லையென்றால் திரையில் கார் இடமிருந்து வலம் போகும்போது ஒலி நடுவில் பள்ளத்தில் இறங்கி ஏறும்.

சரி, இனி சப்வூஃபர். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் பணமும் உழைப்பும் வீணாகிறது.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளம். 80 ஹெர்ட்ஸ் அலை 14 அடி, 40 ஹெர்ட்ஸ் 28 அடி. உங்கள் ஹாலைவிட அலை பெரியது. அதனால் அது ஒரு திசையில் போய் மறைவதில்லை. சுவர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு ஆடுகிறது. தொட்டித் தண்ணீரை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் மாறாது அல்லவா? அதேதான். எந்த ஒலியில் இந்த ஆட்டம் முதலில் வரும் என்று கண்டுபிடிக்க, 565-ஐ அறையின் அளவால் (அடியில்) வகுத்தால் போதும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56. இவற்றின் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும் மறுபடி வரும்.

இதன் பொருள் என்ன? 40 ஹெர்ட்ஸ் ஒலி டிவி சுவரிலும் சோபா சுவரிலும் வீங்கிக் கேட்கும், ஹாலின் நடுவில், அதாவது 7-வது அடியில், ஏறக்குறைய காணாமல் போகும். 80 ஹெர்ட்ஸ் இரண்டு சுவரிலும் நடுவிலும் வீங்கும். ஒவ்வொரு சுவரிலிருந்தும் மூன்றரை அடியில் மறையும். உங்கள் சோபா பின்சுவரோடு ஒட்டியிருப்பதால் உங்கள் தலை எல்லா வீக்கமும் சேரும் இடத்தில் இருக்கிறது. "பேஸ் ஒரே தும் தும் என்று இரைகிறது, சுருதியே இல்லை" என்பதற்கு இதுதான் காரணம். இதற்கு வேறு சப்வூஃபர் வாங்கினாலும் அதே தும் தும்தான் வரும். சோபாவை ஒன்றரை அடி முன்னே இழுங்கள். தலை சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி வரும்போது 40-இன் வீக்கம் கொஞ்சம் குறையும், 80-இன் வீக்கம் நன்றாகவே அடங்கும். அதற்காக ஹாலின் சரிநடுவுக்கும் போய்விடாதீர்கள், அங்கே 40 ஹெர்ட்ஸ் இருக்காது. அரை அடி அரை அடியாக நகர்த்தி, கேட்டு, நிறுத்துங்கள். இதற்குச் செலவு பூஜ்யம். வீட்டில் அனுமதி வாங்குவதுதான் செலவு.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அங்கே பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் பட்டால் அது சற்று நெளிந்து கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் வீட்டில் 9 அங்குலச் செங்கல், மேலும் கீழும் கான்கிரீட், தரையில் டைல்ஸ். பட்டதை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் நம் அறைகளில் வீக்கமும் பள்ளமும் இன்னும் கூர்மையாக இருக்கும், ஒலி நின்ற பிறகும் இரைச்சல் நீளும். கார்பெட், திரைச்சீலை எல்லாம் குரலின் எதிரொலியைக் குறைக்கும். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே கனமான ஒரு விரிப்பைப் போட்டாலே வசனம் தெளிவாவது உங்களுக்கே தெரியும். 40 ஹெர்ட்ஸுக்கு அவை இருப்பதே தெரியாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் தூசிதான் சேரும்.

இனி இடம். யூனிட்டுக்குள் ஏன் வேண்டாம் என்றால், மரப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி அதிரும். காற்றுத் துளைக்கு மூச்சு கிடைக்காது. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் சூடு வெளியேறாது. ஷோகேஸ் கண்ணாடி, பையன் வாங்கிய ஷீல்டு, குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்து தாளம் போடும். இந்த உபரிச் சத்தங்கள்தான் "சப்வூஃபர் அங்கே இருக்கிறது" என்று காட்டிக்கொடுக்கும். தரையில் வையுங்கள், பின்பக்கத் துளை இருந்தால் சுவரிலிருந்து அரை அடியாவது விடுங்கள்.

மூலை என்பது தப்பான இடம் அல்ல, முரட்டு இடம். தரை, இரண்டு சுவர் என மூன்றும் சேர்ந்து ஒலியைத் தூக்கிக் கொடுப்பதால் சின்ன சப்வூஃபரும் பெரிதாகக் கேட்கும். கூடவே அறையின் எல்லா ஆட்டங்களையும் முழுதாகக் கிளப்பிவிடும். உங்களுடையது 8 அங்குல வூஃபர், ரிசீவரில் சப்வூஃபருக்கும் சேர்த்துத் தானாகச் சரிசெய்யும் வசதி உண்டு என்றால், மூலை நல்ல தேர்வாகவே இருக்கலாம். காரணம், வீக்கத்தை ஈக்யூவால் (குறிப்பிட்ட ஒலியை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டலாம். பள்ளத்தை நிரப்புவதுதான் முடியாத காரியம்: 10 டெசிபல் தூக்க ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் எதிர்ச் சுவரிலிருந்து வரும் அலையும் அதே அளவு ஏறி மறுபடி அடித்துவிடும். எனவே இடம் தேடும்போது நீங்கள் தப்பிக்க வேண்டியது பள்ளத்திலிருந்து.

டிவி சுவரின் சரிநடுவும் பரிசீலிக்க வேண்டிய இடம். 11 அடி அகலத்தின் 51 ஹெர்ட்ஸ் ஆட்டத்துக்கு அது அசையாத புள்ளி. அங்கே வைத்தால் அந்த ஆட்டம் கிளம்பாது. சோபாவில் நடுவில் இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் பேஸ் ஏறக்குறைய ஒன்றுபோல் கேட்கும். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் யூனிட் நிற்கிறது. கால் வைத்த யூனிட்டாக மாற்றினால் ஒழிய இது நடக்காது, போகட்டும்.

எந்த இடம் சரி என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றும் அதைவிட மலிவானது இல்லை. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். படிப்படியாக ஏறி இறங்கும் பேஸ் கிட்டார் உள்ள பாட்டையோ, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியையோ ஓடவிடுங்கள். பிறகு நீங்கள் தரையில் தவழ்ந்தபடி, சப்வூஃபர் வைக்கச் சாத்தியமான ஒவ்வொரு இடத்திலும் தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். ஒலி கிளம்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் விளைவு மாறாது என்பது ஒலியியலின் உறுதியான விதி. அதனால் எங்கே உங்களுக்கு நன்றாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவில் அதே ஒலி கிடைக்கும். கவனம், சத்தமாகக் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். ஒரு சுரம் முட்டிக்கொண்டு வந்து அடுத்தது காணாமல் போகும் இடம் வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தால் மரியாதையும் மிஞ்சும். அளந்து பார்க்க ஆசை இருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், அதற்கென அளவுத்திருத்தம் செய்த யுஎஸ்பி மைக் வேண்டும்.

ஆனால் டிவியிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. டிஎச்எக்ஸ் என்ற திரையரங்க ஒலித் தரத்தில் 80 ஹெர்ட்ஸை சப்வூஃபருக்கு எல்லையாக வைத்தது சும்மா அல்ல. அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. உங்கள் முன் ஸ்பீக்கர்கள் புத்தக அலமாரி அளவு என்றால் ரிசீவரில் அவற்றை ‘ஸ்மால்’ என்று வைத்து க்ராஸ்ஓவரை (எதற்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80-இல் நிறுத்துங்கள். சப்வூஃபர் அறையில் எங்கே இருந்தாலும் தெரியாது. கையடக்கமான சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் க்ராஸ்ஓவர் 120, 150 என்று ஏறும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதியே சப்வூஃபருக்குப் போய்விடும், அதைச் சோபா பக்கத்தில் வைத்தால் கதாநாயகன் உங்கள் முழங்காலருகே பேசுவார். அப்படிப்பட்ட செட்டுக்கு டிவி சுவரை விட்டு நகராதீர்கள், முன் ஸ்பீக்கருக்கு மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள். சவுண்ட்பாரோடு வரும் வயர்லெஸ் சப்வூஃபர்களுக்கும் பொதுவாக இதே கதைதான். வயர் இல்லை என்பதால் எங்கும் வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

ரிசீவர் அமைப்பில் சில. சப்வூஃபரின் பின்னால் உள்ள க்ராஸ்ஓவர் திருகியை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். ஒலி அளவுத் திருகி பாதியில் இருக்கட்டும். தானியங்கி அளவீட்டை ஓட்டிய பிறகு, 8 அடியில் இருக்கும் சப்வூஃபரை 12 அடி என்று காட்டினால் பதறாதீர்கள், திருத்தவும் வேண்டாம். சப்வூஃபரின் உள் மின்சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் அது தூரமாகவே கணக்கிடுகிறது. அளவீட்டுக்கு முன்பே சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) பார்த்துவிடுங்கள்: 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து வாசிக்க, சோபாவில் நீங்கள் உட்கார, இன்னொருவர் 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. வசனம் இன்னும் அமுங்கினால் மொத்த ஒலியைக் கூட்டாமல் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்துங்கள்.

பிற்காலத்தில் காசு மிஞ்சினால், பெரிய சப்வூஃபருக்கு மாறுவதைவிட இதே மாதிரி இன்னொன்று வாங்குவது மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைகளுக்கு இடையிலான வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். உங்கள் ஹாலில் யூனிட்டை மாற்றி, டிவி சுவர் நடுவில் ஒன்று, சோபாவுக்குப் பின் ஒன்று என்றால், இரண்டும் 40 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும்.

சப்வூஃபரை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இடைவிடாத இரைச்சல் வந்தால் செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்றுப் பிரச்சினை, கேபிள் வழியில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீரும். எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எலக்ட்ரீஷியனின் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. அடுக்குமாடி என்றால் அடியில் ரப்பர் மேட் போடுவது தரை வழியே போகும் அதிர்வைக் குறைக்கும். காற்றில் போகும் பேஸ் கான்கிரீட்டைத் தாண்டியும் கீழ்வீட்டுக்குப் போகும். இரவில் ரிசீவரின் நைட் மோட் போட்டுவிடுங்கள்.

காந்தத்தைப் பற்றிய பயம் பிக்சர் ட்யூப் டிவி காலத்துடையது. அப்போது கவசமில்லாத ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையின் ஓரம் பச்சையும் ஊதாவுமாகத் திரிந்துபோகும். எல்இடி, ஓஎல்இடி திரைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஒட்டியே வைக்கலாம். டிவியின் கீழ் விளிம்பில் ரிமோட் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு சென்டரை நிறுத்துங்கள். அது மறைந்துவிட்டால், சேனல் மாற்ற ஒவ்வொரு முறையும் சோபாவிலிருந்து எழுந்து நிற்க வேண்டிவரும்.